அடிமை அலை: சிந்தசைசரின் இரண்டு திருகுகள் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

கவிதையை, அரசாணையை, கோயில் கல்வெட்டை எல்லாம் பிரதி என்று எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகக் கட்டவிழ்த்துப் பார்க்கிற நாம், ஒரு இயந்திரத்தோடு கூடவே வருகிற கையேட்டைப் பிரதியாக மதிப்பதில்லை. அது வெறும் தொழில்நுட்பம், அதில் அரசியல் எங்கிருந்து வந்தது என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அந்த மெத்தனம் உடைந்தது. உடைத்தவர் எந்தக் கோட்பாட்டாளரும் அல்ல. மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன்.

பறை அடிக்கிற குடும்பம் அவருடையது. தாத்தாவோடு அது நின்றது, அப்பா விட்டுவிட்டார். இவர் சர்ச்சில் ஆர்மோனியம் பழகி அங்கிருந்து கீபோர்டுக்கு வந்தவர். 'பறை அடிச்சா கூப்பிடுற பேரு ஒண்ணு தம்பி. இந்தப் பொட்டியத் தட்டுனா மாஸ்டருங்கிறான்' என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கோடம்பாக்கத்தில் கைமாறிக் கைமாறி, கடைசியில் சல்லிசான விலைக்கு ஒரு பழைய அனலாக் சிந்தசைசர் அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. இரண்டு ஆஸிலேட்டர். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். வயலின், புல்லாங்குழல் என்று தயார்க் குரல் எதுவும் கிடையாது. முகப்பு முழுக்கத் திருகுகள். கூடவே ஜெராக்ஸ் எடுத்த ஆங்கிலக் கையேடு. அதைப் படித்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

டீட்யூன் என்ற திருகைக் கடந்து சிங்க் என்ற சுவிட்சுக்கு வந்தோம். சுவிட்சைப் போட்டால் ஒரு ஆஸிலேட்டர் எஜமான், மற்றது அடிமை. எஜமான் தன் சுற்றை முடிக்கும்போதெல்லாம் அடிமை தன் சுற்றைப் பாதியில் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கும் என்று இருந்தது. அப்படியே தமிழில் சொன்னேன். 'மறுபடி சொல்லு' என்றார். சொன்னேன். சுவிட்சைப் போட்டு ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு இரண்டாம் ஆஸிலேட்டரின் திருகை மெல்லத் திருப்பினார். துணியைக் கிழிப்பதுபோலத் தொடங்கி, தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு மனுஷக் குரல் ஆவென்று வாய் திறப்பதுபோல அது ஏறியது. சுரம் மாறவேயில்லை. குரல் மட்டும் அலறிக்கொண்டு போயிற்று.

'இதுல கத்துறது யாரு தம்பி? எஜமானா, அடிமையா?'

கையேட்டைத் திரும்பப் பார்த்தேன். 'அடிமைதான் அண்ணே.'

'அதான பார்த்தேன்' என்றார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் நான் அலைந்த கதை. வாசகர்களுக்குச் சிந்தசைசர் பரிச்சயமில்லை என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆஸிலேட்டர் என்பது மின்னழுத்தத்தை ஒரே சீராக ஏற்றி இறக்கும் ஒரு சுற்று. வினாடிக்கு 440 தடவை ஏறி இறங்கினால் மேலைச் சங்கீதக்காரர்கள் ஆளுக்கு ஆள் காதைத் திருகிச் சேர்த்துக்கொள்கிற அந்த 'ஏ' சுரம். இரண்டு ஆஸிலேட்டரையும் ஒரே சுரத்தில் வைத்தால் ஒரே குரல்தான், கொஞ்சம் பலமாக. இரண்டாவதன் திருகை மயிரிழை நகர்த்துங்கள். ஒன்று 440, மற்றது 442. காதுக்கு இரண்டு சுரம் கேட்காது. ஒரே சுரம் வினாடிக்கு இரண்டு முறை ததும்பி அடங்கும். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு ததும்பல். நம் பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் இதற்கு விம்மல் என்று பெயர். பாடநூல்காரர்கள் போட்ட கலைச்சொற்களில் இவ்வளவு பொருத்தமான இன்னொன்றை நான் பார்த்ததில்லை. இரண்டில் எதுவும் தனியாக விம்முவதில்லை என்பதைக் கவனியுங்கள். விம்மல் இதனுடையதும் அல்ல, அதனுடையதும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியின் குரல்.

இந்த இடைவெளியை என்ன செய்வது என்பதில் உலகம் எப்போதும் ஒரே கருத்தோடு இருந்ததில்லை. தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறவர் நடுத்தந்திகள் இரண்டுக்கும் இடையிலான விம்மல் தணிகிற வரை பிருடையைத் திருகுகிறார். பியானோவில் பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று கம்பிகள். அவற்றிடையே விம்மல் கேட்டால் சுருதிக்காரரைக் கூப்பிட வேண்டும் என்று பொருள். பாலித் தீவின் கமெலான் குழுக்களில் நடப்பது நேர் எதிர். அங்கே வெண்கலக் கருவிகள் ஜோடி ஜோடியாகச் செய்யப்படுகின்றன. ஜோடியில் ஒன்றைக் கொஞ்சம் தாழ்த்தியும் மற்றதைக் கொஞ்சம் உயர்த்தியும் வேண்டுமென்றே வார்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்து அடிக்கும்போது எழும் விம்மலுக்கு ஒம்பாக் என்று பெயர். அலை என்று அர்த்தம். அது இல்லாத கருவி அவர்கள் காதுக்கு உயிரில்லாத உலோகம்.

அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1885இல் பல நாட்டுச் சுர வரிசைகளை அளந்து ஒரு கட்டுரை எழுதினார். ஸ்தாயியை 1200 துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் சென்ட் என்று பெயரிட்டவர் அவர்தான். இன்றைக்கும் சிந்தசைசரின் டீட்யூன் திருகு இந்த அளவில்தான் பேசுகிறது. அளந்து முடித்த மனுஷர், சுர வரிசை என்று இயற்கை விதித்த ஒன்று கிடையாது, மனிதர்கள் ஊருக்கு ஊர் தங்கள் விருப்பம்போல ஆக்கிக்கொண்டவையே எல்லாம் என்ற முடிவுக்கு வந்தார். பேரரசின் உச்சத்தில் இருந்துகொண்டு ஒரு ஆங்கிலேயர் இதைச் சொன்னார் என்பது சாதாரணமில்லை. ஆனால் வரலாறு அவர் முடிவை விட்டுவிட்டு அவர் அளவுகோலை மட்டும் எடுத்துக்கொண்டது. 1859இல் பிரெஞ்சு அரசு 'ஏ' என்றால் 435 என்று சட்டம் போட்டிருந்தது. 1939இல் லண்டனில் கூடிய மாநாடு 440 என்றது. 1955இல் அது சர்வதேசத் தர நிர்ணயமாயிற்று. கல்லுக்கும் படிக்கும் முத்திரை குத்துவதுபோலச் சுரத்துக்கும் குத்தியாயிற்று.

சிந்தசைசர் இந்த வீட்டில்தான் வந்து பிறந்தது. 1964இல் நியூயார்க் மாநிலத்தின் டிரூமன்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் ராபர்ட் மூக், ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து முதல் பெட்டிகளைச் செய்தார். ஏறக்குறைய அதே சமயம் அமெரிக்காவின் மறுகரையில் டான் புக்லாவும் ஒன்று செய்தார். அவர் பியானோக் கட்டை வைக்க மறுத்தார். கட்டையை வைத்தால் பழைய இசையைத்தான் வாசிப்பார்கள் என்பது அவர் கட்சி. மூக் கட்டை வைத்தார், சந்தை அவர் பக்கம் போயிற்று. 1968இல் வெண்டி கார்லோஸ் மூக்கின் பெட்டியில் பாஹ்கின் இசையை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு மூன்று கிராமி விருதுகளை வாங்கியது. ஒரு நேரத்தில் ஒரு சுரமே பேசும் பெட்டியில், குரல் குரலாக நாடாவில் அடுக்கிச் செய்த வேலை அது. அந்த உழைப்பில் பெரும் பங்கு வாசிப்பதற்குப் போகவில்லை, சுருதி சேர்ப்பதற்குப் போயிற்று. சில அடிகள் வாசிப்பதற்குள் ஆஸிலேட்டர்கள் இடம் நகர்ந்துவிடும். நிறுத்த வேண்டும், சேர்க்க வேண்டும், மறுபடி தொடங்க வேண்டும்.

ஏன் நகர்கிறது? மூக் முறையில் ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். அதாவது அதிர்வெண் இரட்டிக்க வேண்டும். அந்த இரட்டிப்பைச் செய்வது டிரான்சிஸ்டரின் சுபாவம். 18 மில்லிவோல்ட்டுக்கு ஒரு தடவை அதன் மின்னோட்டம் இரட்டிக்கும். வில்லங்கம் என்னவென்றால் அந்த 18 என்பது வெப்பத்துக்கு வெப்பம் மாறும். ஒரு டிகிரிக்கு 0.33 சதவீதம். இதைச் சரிக்கட்ட எதுவும் செய்யாவிட்டால், ஐந்து ஸ்தாயி தள்ளி இருக்கிற சுரம் ஒரே ஒரு டிகிரிச் சூட்டில் 20 சென்ட் விலகிவிடும். ஒரு அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மேடை விளக்கு, கூட்டத்தின் மூச்சு, திறந்த கதவு எல்லாம் சுருதியில் கைவைக்கும்.

அண்ணனுக்கு இதை விளக்கியபோது அவர் ஆச்சரியப்படவேயில்லை. 'தாத்தா பறையைக் காய்ச்சாம தொடமாட்டாரு. இதையும் காய்ச்சணும்போல' என்றார். நிகழ்ச்சிக்கு அரைமணி நேரம் முன்னாலேயே பெட்டியைப் போட்டுச் சூடேற விட்டுவிடுவதை அவர் அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டார். தோல் கருவிக்காரனுக்குச் சூடும் சுருதியும் ஒன்றோடொன்று கட்டியவை என்பது பிறந்ததிலிருந்து தெரிந்த செய்தி. பொறியாளர்களுக்கு அது பிழை.

அந்தப் பிழையை ஒழிப்பதே தொழில் போட்டியாயிற்று. ஆலன் ராபர்ட் பேர்ல்மன், நாசாவின் விண்வெளித் திட்டங்களுக்குப் பெருக்கிகள் வடிவமைத்தவர், 1969இல் ஏஆர்பி என்று தன் பெயரின் முதலெழுத்துகளில் கம்பெனி தொடங்கினார். டிரான்சிஸ்டர்கள் இரண்டையும் ஒரே சில்லில் வைத்தால் இரண்டும் ஒன்றாகச் சூடேறும், ஒன்றின் விலகலை மற்றது சரிக்கட்டும் என்பது அவர் யுக்தி. எங்கள் கருவி சுருதி நகராது என்பதே அந்தக் கம்பெனியின் விளம்பரப் பேச்சாக இருந்தது.

ஆனால் நகர்ந்த சுருதியை வேறு சிலர் வேறு மாதிரிக் கேட்டார்கள். அவர்களில் பலர் கறுப்பர்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சனிக்கிரகத்திலிருந்து வந்தவன் நான் என்று சொல்லிக்கொண்டு திரிந்த சன் ரா, 1969 வாக்கில் மூக்கின் பட்டறைக்குப் போய், இன்னும் சந்தைக்கு வராத மினிமூக்கின் சோதனைப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அவர் கையில் அது போட்ட சத்தத்தைப் பிற்பாடு கேட்ட அந்தப் பட்டறைப் பொறியாளர் ஒருவர், ஆஸிலேட்டர்கள் எதுவும் ஒழுங்காக ஓடவில்லை, பெட்டியில் எதுவுமே சரியில்லை, ஆனாலும் அற்புதமாக இருந்தது என்று நினைவுகூர்ந்திருக்கிறார். செய்தவனுக்கு ரிப்பேராகப் பட்டது வாசித்தவனுக்கு மொழியாக இருந்திருக்கிறது.

மினிமூக் 1970இல் வந்தது. மூன்று ஆஸிலேட்டர். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் தனித்தனியே அதிர்வெண் திருகு உண்டு, முதலாவதற்குக் கிடையாது. அது நிற்கிற இடம்தான் மையம், மற்ற இரண்டும் அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதே கேள்வி. கருவியின் முகப்பிலேயே எழுதிவைத்த மையமும் விளிம்பும்! (இந்த உவமையை நான் ரொம்ப தூரம் இழுக்கப்போவதில்லை.) அந்த விலகலைக்கொண்டு அடித்தளச் சுரத்தைச் சதைபிடிக்க வைத்தவர் பெர்னி வொர்ரெல். சின்னப் பிள்ளையிலேயே மேலைச் செவ்வியல் பியானோவில் தேர்ந்தவர். பார்லமெண்ட் குழுவின் 'ஃப்ளாஷ் லைட்' என்ற பாட்டில் பேஸ் கிட்டாரை ஒதுக்கிவிட்டு அந்த வேலையை மினிமூக்கில் செய்தார். 1978இல் அது அமெரிக்காவின் கறுப்பிசைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. ஒரு ஆஸிலேட்டர் தனியாகப் போனால் மூக்கடைத்த ரீங்காரம். கொஞ்சம் பிசகிய இரண்டோ மூன்றோ சேர்ந்து போனால் தரை நகர்கிறது. ஆடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இங்கே ஒரு தொழில் நுணுக்கம். டீட்யூனை 5 சென்ட் என்று வைத்தால், 110 ஹெர்ட்ஸ் சுரத்தில் மூன்று வினாடிக்கு ஒரு விம்மல்தான் வரும். 440இல் வினாடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல். 1760இல் வினாடிக்கு ஐந்து. அதே திருகு, அதே இடம். கீழே பெருமூச்சு, மேலே படபடப்பு. இதனால்தான் அடித்தளச் சுரத்துக்குப் பொருந்துகிற டீட்யூன் மேல் ஸ்தாயியில் ஜுரம் வந்ததுபோல நடுங்குகிறது. பழகியவர்கள் மேலே போகும்போது திருகைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் நடந்தது, பிழை சரக்காகிற கதை. 1978இல் டேவ் ஸ்மித்தின் கம்பெனி வெளியிட்ட ப்ராஃபெட்-5 ஒரே நேரத்தில் ஐந்து சுரம் பேசியது. குரலுக்கு இரண்டாகப் பத்து ஆஸிலேட்டர். பத்தையும் கையால் சேர்க்க முடியாது என்பதால் ட்யூன் என்று ஒரு பொத்தான். அமுக்கினால் உள்ளேயிருக்கிற நுண்செயலி ஒவ்வொன்றையும் அளந்து திருத்தம் போட்டுக்கொள்ளும். திருத்திய பிறகும் பத்தும் பத்து மாதிரி கொஞ்சம் நகர்ந்துகொண்டுதான் இருந்தன. அந்தப் பெட்டியின் குரலுக்கு இன்றைக்கும் ஆள் ஏங்குவதற்கு அது ஒரு காரணம். 1982இல் ரோலண்டின் ஜூனோ-6 வந்தது. ஆறு குரலும் ஒரே தலைமைக் கடிகாரத்திலிருந்து கணக்காகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஒன்றுக்கொன்று நகரவே முடியாது. பிரச்சினை தீர்ந்தது என்று பார்த்தால் குரல் செத்துக் கிடந்தது. என்ன செய்தார்கள்? கோரஸ் என்று ஒரு பொத்தான் வைத்து, ஒரே குரலைக் கொஞ்சம் தாமதித்து ஆட்டி, விலகினாற்போல ஒரு தோற்றத்தைத் திரும்ப ஊட்டினார்கள். வித்தியாசத்தை வாசல் வழியாகத் துரத்திவிட்டு ஜன்னல் வழியாக விலைக்கு விற்றது! 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7இல் டீட்யூன் என்பது கழித்தல் ஏழிலிருந்து கூட்டல் ஏழு வரை ஒரு எண். 1996இல் ரோலண்டின் ஜேபி-8000, ரம்பப்பல் அலைகள் ஏழை ஒரே குரலாகக் கட்டி, அவை எவ்வளவு விலக வேண்டும் என்பதை ஒரே கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. சூப்பர் சா என்று பெயர். தொண்ணூறுகளின் கடைசியில் ஐரோப்பிய நடனக் கூடங்களை நிரப்பியது அந்த ஒரு ஓசைதான். வெப்பத்துக்கும் தூசிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்த விலகல், இப்போது ஒரு சூத்திரம். மோசம் என்று நான் சொல்லவரவில்லை; நன்றாகத்தான் இருக்கிறது. பன்மையை ஒழிக்க முடியாத இடத்தில் அதற்கு அளவு குறித்து விற்பதுதான் வழக்கம் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இனி சிங்க்.

பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கு வி-ஹோல்டு என்ற திருகு நினைவிருக்கும். ஒளியும் ஒலியும் ஓடிக்கொண்டிருக்கும்போது படம் கீழிருந்து மேலாக உருள ஆரம்பிக்கும், வீட்டில் ஒரு ஆள் பின்னால் போய்த் திருக, மற்றவர்கள் 'வந்திருச்சு, வந்திருச்சு, போச்சு' என்று கத்துவோம். பெட்டிக்குள் ஒரு ஆஸிலேட்டர் உண்டு. அது தன் போக்கில் ஓடும். நிலையத்திலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் ஒரு துடிப்பு வரும். அந்தத் துடிப்பு வந்ததும் இது தன் சுற்றை முடித்துக்கொண்டு புதிதாகத் தொடங்க வேண்டும். சொந்த வேகம் ரொம்ப விலகிவிட்டால் துடிப்புக்குப் பிடி கிடைக்காது, படம் உருளும். சிந்தசைசரின் சிங்க் இதற்கு நெருங்கிய சொந்தம்.

எஜமான் அலை 100 ஹெர்ட்ஸ், அடிமை அலை 250 ஹெர்ட்ஸ் என்று வைப்போம். எஜமான் 10 மில்லிவினாடிக்கு ஒரு சுற்று. அதற்குள் அடிமை இரண்டரைச் சுற்று ஓடியிருக்கும். அந்த அரைச் சுற்றோடு வெட்டு விழுகிறது, முதலிலிருந்து தொடங்கு. மறுபடி இரண்டரை, மறுபடி வெட்டு. 10 மில்லிவினாடிக்கு ஒரு தரம் இந்தக் கோலம் திரும்புவதால் காது கேட்கிற சுரம் 100. எஜமானின் சுரம். ஆனால் வெட்டு விழுந்த இடத்தின் கூர்மை மேற்சுரங்களை வாரி இறைக்கிறது, அடிமையின் 250ஐச் சுற்றி அவை திரண்டு நிற்கின்றன. 250ஐ 300, 400 என்று உயர்த்தினால் சுரம் அசையாது, திரண்ட இடம் மட்டும் மேலே ஏறும். நாம் அ, ஆ, ஈ என்று வாயை மாற்றும்போது நம் குரலில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். அதனால்தான் அண்ணன் திருகைத் திருப்பியபோது ஒரு மனுஷன் வாய் திறப்பதுபோலக் கேட்டது. டீட்யூனில் இருந்த விம்மல் இங்கே அறவே போய்விடும். விம்முவதற்கு இடைவெளி வேண்டுமே. அந்த இடைவெளிதான் வெட்டப்படுகிறது.

1972இல் வந்த ஏஆர்பி ஒடிசியில் இந்தச் சுவிட்ச் இருந்தது. ப்ராஃபெட்-5இலும் இருந்தது. அமெரிக்க ராக் குழுவான தி கார்ஸ் 1979இல் வெளியிட்ட 'லெட்ஸ் கோ' பாட்டில் கிரெக் ஹாக்ஸ் அதை வைத்து ஒரு மெட்டு வாசித்தார். சிங்க் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு அதைத்தான் இன்றைக்கும் போட்டுக் காட்டுகிறார்கள்.

சரி, எஜமான், அடிமை என்ற சொற்கள் எங்கிருந்து வந்தன? பொறியியலில் ஏதோ பழங்காலத்துப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ரான் எக்லாஷ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007இல் இதைத் தோண்டிப் பார்த்தார். தொழில்நுட்ப எழுத்தில் இந்த இணை அவருக்குக் கிடைத்த மிகப் பழைய இடம் 1904. நன்னம்பிக்கை முனையில் இருந்த பிரிட்டிஷ் வானாய்வகத்தின் தலைவர் டேவிட் கில் அங்கே அமைத்த கடிகாரத்தைப் பற்றிய விவரணை அது. ஒரு கடிகாரம் எஜமான்; அதன் சொல்படி நடக்கும் இன்னொன்று அடிமை.

கேப் டவுன் எப்படிப்பட்ட ஊர்? டச்சுக் கம்பெனி 1650களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கிய துறைமுகம். மொசாம்பிக்கிலிருந்து, மடகாஸ்கரிலிருந்து, இன்றைய இந்தோனேசியாவிலிருந்து, வங்காளத்திலிருந்து, மலபாரிலிருந்து, நம்முடைய சோழமண்டலக் கரையிலிருந்து. வந்தவர்களின் சொந்தப் பெயரை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு பெயரைச் சூட்டி, பின்னால் வாங்கிய கரையின் பெயரை ஒட்டுவார்கள்: இன்னார், சோழமண்டலத்திலிருந்து, இன்னார், மலபாரிலிருந்து. அந்த ஊரின் பழைய பதிவேடுகளில் இந்தப் பெயர்கள் இருக்கின்றன. பஞ்ச காலங்களில் பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்கள் கப்பலேற்றிய நம் ஜனங்கள் பெரும்பாலும் பத்தாவியாவுக்குப் போனார்கள் என்பது நமக்கு ஓரளவு தெரியும். கேப்புக்கும் போனார்கள் என்பதை நம் வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. 1834இல் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. எழுபது வருஷம் கழித்து, அதே ஊரில், கப்பல்களுக்கு நேரம் சொல்கிற வானாய்வகத்தில், அந்தச் சொல் இயந்திரத்தின் பெயராகத் திரும்பி எழுந்தது. மனிதர்களிடமிருந்து சட்டம் பிடுங்கிய சொல்லைப் பொறியியல் பொறுக்கி எடுத்துக்கொண்டது.

இன்னொரு கடிகாரம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். ஷார்ட் என்ற ரயில்வேப் பொறியாளர் 1921இல் எடின்பரோ வானாய்வகத்தில் நிறுவியது. வருஷத்துக்கு ஒரு வினாடி அளவுக்குத்தான் பிசகும் என்று பேர் வாங்கியது. அதில் ஊசல்கள் இரண்டு. எஜமான் ஊசல், காற்றை உறிஞ்சி எடுத்த செப்புத் தொட்டிக்குள் எந்த வேலையும் செய்யாமல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். சுதந்திர ஊசல் என்றே அதற்குப் பெயர். சக்கரத்தைச் சுழற்றுவது, வினாடியை எண்ணுவது, முள்ளை நகர்த்துவது எல்லாம் அடிமைக் கடிகாரத்தின் வேலை. இதோடு போகவில்லை. எஜமான் ஊசல் ஆடி ஆடி ஓய்ந்துவிடாமல் அரை நிமிஷத்துக்கு ஒரு முறை தள்ளிவிட வேண்டும். எப்போது தள்ளுவது என்று எண்ணிச் சொல்லுவதும் அடிமைதான்! தள்ளு வாங்கிய எஜமான் பதிலுக்கு ஒரு மின்துடிப்பு அனுப்பி அடிமையின் நேரத்தைத் திருத்தும். அடிமைக் கடிகாரத்தை வேண்டுமென்றே நாளைக்கு ஆறு வினாடி மெதுவாக ஓடும்படி வைத்திருந்தார்கள், திருத்துவதற்கு எப்போதும் ஏதாவது இருக்கட்டும் என்று.

1807இல் ஹெகல் எழுதிய எஜமான்-அடிமை இயங்கியலை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அடிமையின் உழைப்பிலும் அங்கீகாரத்திலும் தொங்கிக்கொண்டிருப்பவன் எஜமான் என்பது அவர் கண்டது. அவர் அதை வெறும் சிந்தனையில் கண்டுவிடவில்லை, ஹைத்தியில் கறுப்பு அடிமைகள் 1791இல் எழுந்து 1804இல் சுதந்திர நாடு அமைத்த செய்திகளைப் பத்திரிகையில் படித்துக்கொண்டிருந்தவர் அவர் என்று சூசன் பக்-மோர்ஸ் 2000இல் வாதிட்டார். ஷார்ட்டின் கடிகாரத்தில் ஹெகல் இருக்கிறார். ஹைத்தி இல்லை. இயந்திரம் எழாது. அதனால்தான் அந்தச் சொல் இயந்திரத்தில் இத்தனை சுகமாகக் குடியிருக்க முடிந்தது.

இந்த இடத்தில் என்னையே நான் சந்தேகிக்கிறேன். சுற்றுப்பலகைக்கு வலி கிடையாது. வெட்டுப்பட்ட அலையைக் கேட்டு அடிமையின் எதிர்ப்புக் குரல் என்று உருகுவது, உண்மையான சாட்டை வாங்கிய உடம்புகளுக்குச் செய்கிற அவமரியாதை. ரம்பப்பல் அலை அலறுவதில்லை. அதில் மேற்சுரங்கள் கூடுகின்றன, அவ்வளவே. அப்படியானால் சொல்லை விட்டுவிட வேண்டியதுதானே என்றால், ஆம், விட்டுவிட வேண்டியதுதான். 2003இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நிர்வாகம் தனக்குப் பொருள் விற்கிறவர்களிடம் இந்தச் சொற்களைத் தவிர்க்கும்படி கேட்டபோது பத்திரிகைகள் கிண்டலடித்தன. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை ஒட்டி எழுந்த போராட்டங்களுக்குப் பிறகு கணினித் துறையிலும் மின்னணுவியலிலும் பலர் தாமாகவே மாற்றினார்கள். முன்னோடி, பின்தொடர்பவர் என்கிற மாதிரி. மாற்றியது சரி. ஆனால் பின்தொடர்பவன் என்ற சொல்லில் ஒரு சம்மதம் ஒளிந்திருக்கிறது, பாருங்கள். 10 மில்லிவினாடிக்கு ஒரு வெட்டு வாங்குகிறவன் பின்தொடர்கிறான் என்பது எனக்கு ஒட்டவில்லை. பழைய சொல் கொடூரமாக இருந்தது, நடப்பதை ஒளிக்கவில்லை. புதுச் சொல் நாகரிகமாக இருக்கிறது, வெட்டை மறைக்கிறது.

எஜமானே இல்லாத சிங்க்கும் உண்டு. 1665இல் ஹாலந்தின் ஹைகன்ஸ் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது, ஒரே சட்டத்தில் தொங்கிய தன்னுடைய ஊசல் கடிகாரங்கள் இரண்டும் எதிரெதிராக, ஆனால் சரியாக ஒரே கணக்கில் ஆடுவதைக் கண்டார். கலைத்துவிட்டால் அரைமணி நேரத்தில் மறுபடி சேர்ந்துகொண்டன. மரச்சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத அதிர்வு வழியாக ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருந்தன அவை. யாரும் யாரையும் வெட்டவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்த அனலாக் ஆஸிலேட்டர்களும் சில சமயம், மின்சாரம் வரும் வழியே கசிகிற துளி ஓசையில், விம்மல் மெதுவாகி மெதுவாகி ஒன்றிப்போவதுண்டு. பொறியாளர்கள் அதையும் பிழை என்றுதான் எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கென்று ஒரு திருகை யாரும் பெரிதாக வைத்து விற்கவில்லை.

அடுத்த முறை நான் போனபோது அண்ணன் முகப்பிலிருந்த ஆங்கில எழுத்துகளின் மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதியிருந்தார். இரண்டாம் ஆஸிலேட்டருக்கு 'கத்துறவன்'. முதலாவதற்குமேல் பிளாஸ்திரி இருந்தது, எழுத்து இல்லை.

'இதுக்குப் பேரு வைக்கலையாண்ணே?'

'அது சத்தத்தைத்தான் குறைச்சு வெச்சிருக்கேனே தம்பி. சிங்க் போட்டா அது பேச வேண்டியதில்ல. இவன் மட்டும் போதும்.'

உண்மைதான். மிக்ஸரில் எஜமானை முழுக்க அணைத்துவிட்டாலும் சுரம் அவனுடையதாகவே நிற்கும். சிங்க் வாசிக்கிறவர்களில் பலரும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். சுவிட்சை எடுத்துவிட்டு, இரண்டையும் ஒரே அளவில் திறந்து, டீட்யூனைக் கொஞ்சம் நகர்த்தினார். பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பெட்டி சூடேறிச் சுருதி நகர்ந்திருந்தது. விம்மலை எண்ணிக்கொண்டே திருகைப் பிடித்து, வினாடிக்கு ஒன்று என்கிற அளவில் விட்டுவிட்டு, வாசிக்க ஆரம்பித்தார்.